முதல் பந்தி

"அந்தத் தொப்பியக் கழட்டி எறிஞ்சிட்டு உள்ள போ."

மூத்தார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். சின்னவள் கடையில் கொடுத்த சிவப்புத் தொப்பியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் கணவன் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் துடைப்பத்துக்கு இருந்த மரியாதைதான் அவளுக்கும்.

"என் தம்பி பொண்டாட்டி கண்டவனுக்கெல்லாம் சாப்பாடு எடுத்து வைக்கப் போறாளாம். பாக்குறவன் காறித் துப்ப மாட்டான்?"

'வீட்டுல எடுத்து வச்சா மானம், வெளிய எடுத்து வச்சா அவமானமா?' நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள்.

"நேரமாச்சு அத்தான்."

"போ, போ. ஒரு நாள் தாங்க மாட்டே. இன்னிக்கே உன்னை அங்கேர்ந்து துரத்துவாங்க. அப்புறம் வேலை கீலைன்னு வாயத் திறந்தே, தெரியும் சேதி."

"அவரு உன் நல்லதுக்குத்தான் சொல்றாரு" என்றாள் அவர் மனைவி, அடுப்படியிலிருந்து. பெரியவளுக்கு இருபத்து மூன்று வருடமாக மனப்பாடமான வசனம் அது.

கடை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்தது. பர்கர், உருளைக்கிழங்கு வறுவல், பனிக்கட்டி போட்ட குளிர்பானம், அவ்வளவுதான். மேற்பார்வை பார்த்த பெண் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாமலே சட்டத்தைச் சொன்னாள். "இன்னிக்கு வெள்ளோட்டம்க்கா. பெரிய புகார் வராம ஒப்பேத்திட்டீங்கன்னா நாளைலேர்ந்து நிரந்தரம்."

பத்து மணிக்குள் சின்னவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. எண்ணெய்ச் சட்டியின் மணி கூவியது. அதை அமர்த்துவதற்குள் பர்கர் சூடாக்கும் பெட்டி கூவியது. தலைக்கு மேலிருந்த திரையில் எண்கள் ஓடின. குளிர்பான மூடியை அழுத்தியதில் கோப்பை நசுங்கி முழங்கை வரை வழிந்தது. அதைவிடப் பெரிய கூத்து, தட்டை நீட்டும்போதெல்லாம் பழக்க தோஷத்தில், "போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டதுதான். நாலு பேர் வேண்டாம் என்றார்கள். ஐந்தாமவர் சந்தோஷமாகத் தட்டை நீட்டினார். வைத்தும்விட்டாள்.

"அக்கா!" என்று பதறி ஓடி வந்தாள் ஹெட்போன்காரி. "இது கல்யாண வீடு இல்லக்கா. அளவு அளவுதான். ஒன்றரைக்கு உங்க சாப்பாட்டு நேரம். இருபது நிமிஷம். ஓரத்து மேஜைல உக்காந்து சாப்பிடுங்க, நிதானமாயிடுவீங்க."

"எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும்மா. நான் கடைசியா சாப்பிட்டுக்கறேன்."

ஹெட்போன்காரி சிரித்துவிட்டாள். "இங்க எல்லாரும் எப்பக்கா சாப்பிட்டு முடிப்பாங்க? கடை சாத்துற வரைக்கும் வந்துட்டேதான் இருப்பாங்க. அப்படிப் பாத்தா நீங்க பட்டினிதான்."

இத்தனை வருடத்தில் இந்தக் கணக்கு தனக்கு உறைக்கவில்லையே என்று சின்னவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒன்றேகாலுக்கு மூத்தார் வந்தார். தனியாக வரவில்லை. வேடிக்கை காட்டப் பெண்டாட்டியையும் கூட்டி வந்திருந்தார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது அவருக்கென்றே சொன்ன மாதிரி. வரிசையில் நின்ற இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வரிசையில வாங்க சார்" என்றாள் சின்னவள்.

சார். மூத்தார் முகம் கறுத்தது. ஆனாலும் பின்னால் போய்த்தான் நிற்க வேண்டியிருந்தது.

அவர் முறை வருவதற்குள் அவளுக்குப் பழைய நாள் ஒன்று நெஞ்சில் ஏறியது. காய்ச்சலில் கிடந்தவள், மாத்திரை போட வேண்டுமே என்று, அவர் வருவதற்கு முன்னால் இரண்டு வாய் சாப்பிட உட்கார்ந்தாள். உள்ளே வந்தவர் ஒரு செம்புத் தண்ணீரை அவள் தட்டில் கவிழ்த்தார். 'ஆம்பளை பசியோட வர்ற நேரத்துல பொம்பளை வாயில சோறா?' அவள் கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினோரு வருடமாகியும் அந்தத் தட்டை அவள் மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

"ஒரு பர்கர், ஒரு வறுவல். ஒண்ணு போதும். இவ வீட்டுக்குப் போய் சாப்பிட்டுக்குவா" என்றார் மூத்தார்.

பெரியவள் சுவரிலிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்பு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நாலு குலுக்குக் குலுக்கினால் மனுஷனுக்கு நாக்கு வெந்துபோகும். ஒரு கணம் கை போயிற்று, திரும்பிவிட்டது. அவள் சீட்டை நீட்டினாள். "உங்க நம்பர் திரையில வரும். நில்லுங்க."

மூத்தார் சீட்டை வாங்கிக்கொண்டு நேரே ஹெட்போன்காரியிடம் போனார். "இவ எங்க வீட்டுப் பொம்பளை. இவளை உடனே வேலைய விட்டு அனுப்பணும். புகார் எழுதிக்கோ."

சின்னவள் அடுத்த சீட்டை நீட்டாமல் அங்கேயே பார்த்தாள். போச்சு, காலையில் சொன்னதைச் சாதித்துவிட்டார்.

"சாப்பாட்டுல குறையா சார், பில்லுல குறையா?"

"அவ இங்க நிக்கிறதே குறைதான்!"

"அதுக்குப் புகார்ச் சீட்டுல கட்டம் இல்லையே சார்." ஹெட்போன்காரி கடிகாரத்தைப் பார்த்தாள். "அக்கா, ஒன்றரை ஆச்சு. போய்ச் சாப்பிடுங்க."

வேலையாட்களுக்கென்று முன்பே கட்டி வைத்த பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். சின்னவளின் கால் ஒரு நொடி தயங்கியது. மூத்தார் இன்னும் சாப்பிடவில்லை. அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்கு உள்ளே ஒரு குரூரமான குளிர்ச்சி பரவியது. இருக்கிற மேஜைகளில் அவர் கண்ணுக்கு நேராக இருந்த ஓரத்து மேஜைக்குப் போய், அவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தாள். பெரிதாக ஒரு வாய் கடித்து, அவசரமே இல்லாமல் மென்றாள்.

"ஏய்! நான் இன்னும் சாப்பிடல!" என்று கத்தினார் மூத்தார்.

கடையே திரும்பிப் பார்த்தது. "நாங்களும்தான் சாப்பிடல. இருங்க சார், வரும்" என்றது வரிசையில் ஒரு குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூத்தார் சீட்டைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

சின்னவளுக்கு அதுவும் போதவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"அக்கா, வாங்க. உக்காருங்க. பசிக்குதுல்ல?"

பெரியவள் கணவனைப் பார்த்தாள். "போனே, காலை முறிச்சிடுவேன்" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. இத்தனை ஜனத்துக்கு நடுவில் அதை உரக்கச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அது பெரியவளுக்கும் தெரிந்துவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு வறுவலை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள்.

இருபத்து மூன்று வருடமாகக் கணவன் வாயிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த குறை அது. அவள் வாயால் சொன்னது அன்றுதான்.