அக்காவின் கடைசிப் பேரம்

அக்காவும் அத்தானும் குடும்பம் நடத்தியதே பேரத்தில்தான். சமையலறைக்கு ஒரு ஜன்னல் வேண்டுமென்றால் அக்கா இரண்டு கேட்பாள். ஜன்னல் எதற்கு, சுவரில் ஓர் ஓட்டை போதாதா என்று அத்தான் ஆரம்பிப்பார். அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பாத்திரங்கள் கொஞ்சம் சத்தம் போடும். கடைசியில் ஒரு ஜன்னல் வரும், இருவரும் ஜெயித்துவிட்ட மாதிரி தூங்கப் போவார்கள். இரண்டு பேருமே ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். முதலில் சரி என்றவன் தோற்றான் என்பதைப் பல் முளைக்கும்போதே தெரிந்துகொண்டவர்கள்.

நான் அக்காவின் தம்பி, கடையில் அத்தானுக்குக் கூட்டாளி. கீழே திரைச்சீலைக் கடை, மேலே அவர்கள் வீடு, நடுவில் ஒரு மரப்படிக்கட்டு. மேலே சண்டை வந்தால் கீழே வாடிக்கையாளர் காதில் விழும். நான் இரண்டு கஜம் துணியைச் சர்ரென்று கிழித்துச் சமாளிப்பேன்.

அத்தான் ஃப்ரீமேசன் சபையில் சேர்ந்து பல வருஷமாகியிருந்தது. லாட்ஜுக்குப் போய்வருகிறேன் என்று முதல் தடவை சொன்னபோது, சொந்த வீடு இருக்கும்போது லாட்ஜில் எதற்கு ரூம் என்று அக்கா கேட்டாள். சத்தியம் செய்துகொடுத்துச் சேருகிற சகோதரர் சங்கம் அது, கூடுகிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று அவர் விளக்கினார். நாலு பெரிய மனுஷர்கள் சேர்ந்து தர்மம் செய்கிற கிளப் போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள். அத்தான் கால் முறிந்து கிடந்தபோது அந்தச் சகோதரர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து கடையில் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர். துணியை அளக்கச் சொன்னால் வாடிக்கையாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனாலும் ஒரு நாள் தவறாமல் வந்தார்.

எங்கள் மாதா கோவிலுக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குச் சக்கர நாற்காலி வழங்குகிறார்கள். நடுவில் அத்தான், இடுப்பில் சபையின் வெள்ளை ஏப்ரன். மறுநாள் சாமியார் கடைக்கு வந்தார். கோவில் ஜன்னல்களுக்குத் துணி எடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் நாலு தினுசை விரித்துப் போட்டேன். அவர் துணியைத் தொடவில்லை. அந்தச் சபையில் இருக்கிற வரைக்கும் அத்தான் நன்மை வாங்க வரக்கூடாது என்றார். நற்கருணையை நாங்கள் நன்மை என்றுதான் சொல்வோம்.

அத்தான் சும்மா விடுவாரா? பழைய திருச்சபைச் சட்டத்தில் மேசன் என்று பேர் போட்டிருந்தது, புதுச் சட்டத்தில் அந்தப் பேரே இல்லையே என்றார். பேரைத்தான் எடுத்தார்கள், தடையை எடுக்கவில்லை என்று ரோமிலிருந்து அப்போதே சொல்லிவிட்டார்கள் என்றார் சாமியார். கடவுளை நம்பாதவனை நாங்கள் சேர்ப்பதே இல்லை என்றார் அத்தான். எந்தக் கடவுள் என்று கேட்காமல் சேர்ப்பதுதான் சிக்கல் என்றார் சாமியார். கூட்டத்துக்குப் போகவில்லை, பேருக்கு மட்டும் இருந்துகொள்கிறேனே என்று அத்தான் கொஞ்சம் இறங்கினார்.

"இது ஒரே விலைக் கடைங்க," என்றார் சாமியார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அத்தானை அதற்கு முன்னால் யாரும் அவ்வளவு மோசமாகத் திட்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் எழுந்து நன்மை வாங்கப் போக, அத்தான் பெஞ்சிலேயே இருந்தார். வாங்கிவிட்டுத் திரும்பிவந்த அக்கா அவரைப் பார்த்தாள். வீட்டுக்குப் போன பிறகு விஷயம் முழுக்க வெளியே வந்தது. அடுத்த வாரம் அவளும் எழுந்திருக்கவில்லை. உங்களுக்கு எந்தத் தடையும் இல்லையேம்மா என்று சாமியார் வந்து கேட்டார்.

"தெரியும் சாமி. இது எங்களுக்குள்ள," என்றாள் அக்கா. அவர் சபையை விட்டுவிட்டு வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வாங்குவோம், இல்லையென்றால் இரண்டு பேருக்கும் வேண்டாம். அதுதான் அவள் சொன்ன விலை.

அத்தானுக்கு அந்தச் சபை ஏன் அவ்வளவு பெரிதாகப் போயிற்று என்று நான் ஒரு நாள் கேட்டேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "மச்சான், என் மூஞ்சிய பாத்ததும் எல்லாரும் விலைதான் கேக்கறாங்க. அந்த ஒரு ரூம்லதான் என்னைப் பத்திக் கேக்கறாங்க. சத்தியம் பண்ணிட்டு வந்தவன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திரும்பப் போய் வேண்டாங்கறது?"

இப்படியே இருவரும் விறைத்துக்கொண்டு இருந்தபோதுதான் அக்காவுக்கு இதயம் வீங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, படுக்க முடியாமல் தலையணைகளில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். சாமியார் வீட்டுக்கே நன்மை கொண்டுவந்தார். அவர் முதலில் சபையை விட்டுவிட்டு வரட்டும் என்று அப்போதும் அவள் சொல்லிவிட்டாள். படுக்கையில் கிடந்தபடியே கடையை நடத்துகிறாள் என்று அத்தான் என்னிடம் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பில் பெருமையும் இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டுக் கீழே கடைக்குள் வந்து, இனி எந்த நேரமும் ஆகலாம் என்று எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டுப் போனார். அக்காவிடம் சொல்லவில்லை. அத்தான் வெகுநேரம் அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். சபையை விட்டுவிடப் போகிறேன் என்றார். அப்படியானால் இப்போதே மேலே போய்ச் சொல்லுங்கள் என்றேன், சாமியார் வருகிற நேரம்தான்.

"ஒரேயடியா சரின்னு எப்படிடா சொல்றது? இத்தன வருஷத்துல ஒரு தடவ சொன்னதில்ல. சொன்னேன்னா, தான் சாகப் போறோம்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்."



சாமியார் வந்தார். மூன்று பேரும் மேலே போனோம். அக்கா சாய்ந்தபடி அத்தானைப் பார்த்து, "என்ன முடிவு பண்ணீங்க?" என்றாள். யோசிக்க வேண்டும் என்றார் அத்தான். சும்மா கேட்டதற்கெல்லாம் விட்டுவிட முடியுமா, முதலில் நீ ஒழுங்காக மருந்தைக் குடி, கஞ்சியை மிச்சம் வைக்காதே, அப்புறம் பேசலாம் என்றார். குரல் கொஞ்சமும் ஆடவில்லை. கடையில்கூட அவர் அவ்வளவு நன்றாக நடித்து நான் பார்த்ததில்லை. கட்டுப்படியாகாது என்கிற மாதிரி கையை உதறிவிட்டு வெளியே போய்ப் படியிறங்கினார்.

அக்கா அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். ஒரு படி, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு படி.

"எவ்ளோ மெதுவா இறங்கறாரு பாரு," என்றாள் என்னிடம். "கூப்பிடுவேன்னு பாக்கறாரு. கூப்பிட மாட்டேன். தானா வருவாரு."

சாமியார் நன்மை வைத்திருந்த சின்னப் பேழையைத் திறக்கப் போனார். நீங்களாவது இப்போது வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா என்று கெஞ்சினார், நானும் கெஞ்சினேன். அவள் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது.

"அவசரமில்ல சாமி. ரெண்டு நாளா டாக்டர் மூஞ்சியப் பாத்துப் பயந்துதான் போயிருந்தேன். இவர் இன்னும் பேரம் பேசறாரே. அப்ப எனக்கு நாள் இருக்கு."

அத்தான் செய்த காரியம் பலித்துவிட்டது. அவள் பயம் போய்விட்டது.

சாமியார் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் தண்ணீர் கேட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் மூச்சு உள்ளேயே சிக்கிக்கொண்டது. உதடு நீலமாயிற்று. சாமியார் அவசரமாக, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற மந்திரித்த தைலத்தை எடுத்து நெற்றியில் பூசினார். நன்மையை விழுங்க அவளால் முடியவில்லை. பேழை மேசைமேல் அப்படியே இருந்தது. நான் படிக்கட்டுக்கு ஓடி, மேலே வாங்க அத்தான் என்று கூப்பிட்டேன்.

அவர் கடைசிப் படியிலேயேதான் நின்றுகொண்டிருந்தார். அவள்தான் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். மெல்லச் சிரித்தபடி ஏறினார். வாசலைத் தாண்டும் முன்பே, "சரி சரி, நீயே ஜெயிச்சே. விட்டுட்டேன், போதுமா?" என்றார்.

சாமியார் எழுந்து அவருக்கு இடம் விட்டார்.

அடக்கம் முடிந்த பின் அத்தான் சபையை விட்டு விலகினார். பல் டாக்டர் கடைக்கு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அத்தான் வரிசையில் நின்று நன்மை வாங்குகிறார்.

ஒரு நாள் மட்டும் சாமியாரிடம் கேட்டார், வாங்காமலே போனாளே, அது அவள் கணக்கில் சேருமா என்று. ஆசையோடு காத்திருந்தவர்களைக் கடவுள் வாங்கியவர்களாகவே வைத்துக்கொள்வார் என்றார் சாமியார். அத்தான் மறுபேச்சுப் பேசவில்லை. சரிங்க சாமி என்று தலையாட்டினார். எங்கள் தொழிலில் எதிர்க்கேள்வி கேட்காமல் தலையாட்டுகிறவர் சரக்கை நம்பவில்லை என்று அர்த்தம். சாமியாருக்கு அது தெரியாது. மனசு ஆறிவிட்டது என்று எண்ணி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.