பச்சை வாரில் ஒரு ரிவால்வர்

தன் அண்ணன் ரஹ்மத்துல்லாவை அடக்கம் செய்த நாளிலிருந்து ஜாபரின் மனைவி லத்தீபா ஒரே பிடியாக நின்றாள். "துப்பாக்கி இல்லாம இனி நீங்க கியாக்தான் பக்கம் போகப்படாது. எங்க காக்காவப் பறிகொடுத்தது போதும்."

கியாக்தானைச் சுற்றியுள்ள கிராமங்களில், பர்மாப் பெண்கள் இடுப்பில் சுற்றும் தமேன் துணியைச் சுமந்து விற்பவன் ஜாபர். போகாவிட்டால் ரங்கூனில் அடுப்பு எரியாது. போனாலோ, மச்சானை வெட்டியவன் தா என்கிற அந்த நீளக் கத்தியோடு இன்னும் அந்தப் பாதையில்தான் திரிகிறான். மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது? லத்தீபா காதிலிருந்த அலுக்கத்தைக் கழற்றிக் கொடுத்தாள். அதை விற்று, லைசன்ஸுக்கு நாயாய் அலைந்து, ஒருவழியாக ரங்கூன் லத்தாப் பேட்டையை ஒட்டிய தெருவில் துப்பாக்கிக் கடைப் படியேறினான்.

கடைச் சிப்பந்தி பர்கத்துல்லா ஊர்க்காரர். முதலில் ஓர் இங்கிலீஷ் ரிவால்வரை நீட்டினார். விலையைக் கேட்டதும், அது சுட்டுவிட்ட மாதிரி கீழே வைத்தான் ஜாபர்.

"மலிவா ஒண்ணு காட்டுங்க காக்கா."

"இது மலிவு. ஆனா பாரு, பின்னால தோட்டாவை அடிக்கிற குதிரை வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. அவசரத்துல உருவுனா துணியில மாட்டும். மாட்டுனா உன் கதை முடிஞ்சிச்சு."

கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கும் பெல்ஜியத்துச் சாமான் ஒன்று வந்தது. குதிரை உள்ளே மறைந்திருந்தது. விரலால் இழுக்கும் விசையையும் மடித்து வைக்கலாம்.

"இது எங்கயும் சிக்காது. சுடணும்னா நகத்தால விசையை விரிச்சுக்க. எங்க வச்சுக்குவே?"

"வேற எங்க? வார்லதான்."

கைலிக்கு மேல் நம்மவர்கள் கட்டும் அகலமான பச்சை வார். காசெல்லாம் அதன் பையில்தான் இருக்கும். பர்கத்துல்லா தலையாட்டினார். அவர் இடுப்பிலும் அதே வார்தான். இரண்டு பேருக்கும் அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை.

அறுப்பு முடிந்துதான் கடனுக்குக் கொடுத்த துணிக்குக் காசு கிடைக்கும். இப்போதோ அடைமழைக் காலம். ஆகவே கியாக்தானில் போய் இறங்கியபோது வாரில் ரிவால்வரையும் லாஞ்சுக் கூலியையும் தவிர வேறொன்றும் இல்லை. பாவி, அன்று பகல் முழுக்க அவன் பயமில்லாமல் நடந்தான்.

மாலையில் படகுத்துறைக்குத் திரும்பும் வழியில் மா ட்வே கடையில் டீ குடித்தான். பழைய வாடிக்கைக்காரி, கொஞ்சம் தமிழும் வரும்; அவனை அண்ணன் முறையில் 'கோ' என்பாள். அவன் இடுப்பைப் பார்த்துச் சிரித்தாள். "கோ ஜாபர், மழையிலயும் நல்ல வியாபாரமா? வார் இப்பிடி வீங்கியிருக்கே!"

கடையிலிருந்த இரண்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜாபர் குனிந்து தன் வாரைப் பார்த்தான். நம்மவன் வார் புடைத்திருந்தால் உள்ளே பணம் என்று பர்மாவில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மச்சானும் அப்படித்தானே செத்தான். வெறும் வாரோடு வந்திருந்தால் தன்னை எவனும் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டான். இது ஏன் தன் மண்டையில் ஏறாமல் போயிற்று? டீயை அப்படியே வைத்துவிட்டு நடையைக் கட்டினான்.

மூங்கில் புதரருகே அந்த இருவரும் வழியை மறித்தார்கள்.

"வாரை அவுத்துப் போட்டுட்டுப் போ" என்றான் கையில் தா வைத்திருந்தவன், பர்மா பாஷையில்.

"காசு இல்லை. அல்லா மேல சத்தியமா இல்லை."

அவன் புடைப்பைக் காட்டிச் சிரித்தான். நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஜாபர் வாரின் பைக்குள் கையை விட்டான். காசை எடுக்கிறான் என்று அவர்கள் பொறுமையாக நின்றார்கள். பர்கத்துல்லா சொன்னது சரிதான், ரிவால்வர் எங்கும் சிக்காமல் வந்தது. மழையில் ஊறிய நகம்தான் விசையில் பிடிக்காமல் வழுக்கியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. அதற்குள் கத்தி இறங்கிவிட்டது.

சேற்றில் கிடந்தவனின் காதில் வாரை உதறும் சத்தம் கேட்டது.

"காசே இல்லடா" என்றான் ஒருவன்.

"அப்ப இவனை எதுக்குடா மறிச்சோம்?"

'காசு இல்லைன்னுதானே நான் சொன்னேன்' என்று சொல்ல ஜாபர் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.