ஆட்டு முதுகுக்கு வச்ச மாவு

ஆட்டு முதுகுல வச்சுப் பாத்த மாவை உங்க முதுகுல வைக்கிறேன், காசு வேணாம்னு ஒரு டாக்டரு சொன்னா சரிம்பீங்களா?

நான் சரின்னுட்டேன். என் வலி அப்படி. இடுப்புக்கு மேல ரெண்டு எலும்பு நழுவிக்கிட்டு நிக்குது. குனிஞ்சா நிமிர ஏலாது, நிமிந்தா குனிய ஏலாது. சாணார்பட்டி தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள்ள எலும்பு டாக்டர் பிரிட்டோ கொட்டகை போட்டிருக்காரு. அங்க கிடாய்களுக்குத் தீவனம் வைக்கிறது என் வேலை. எனக்கு ஊரு முதுகுளத்தூர் பக்கம். இங்க பேச்சுத்துணைக்கு அந்தக் கிடாய்கதான். அதுக எதுத்துப் பேசாது. டாக்டருக்கும் அதுகளைப் பிடிச்சதுக்கு அதான் காரணம்.

விஷயம் என்னன்னா, நழுவுன எலும்பு ரெண்டையும் ஒண்ணா ஒட்ட வைக்கணும். வழக்கமா நம்ம இடுப்பெலும்பையே கொஞ்சம் எடுத்து நடுவுல வைப்பாங்க. ஒட்டிக்கும். ஆனா எடுத்த எடம் மாசக்கணக்குல வலிக்கும். அதுக்குப் பதிலா டாக்டரு ஒரு வெள்ளை மாவு கண்டுபிடிச்சிருந்தாரு. பாதிக் கிடாய்க்கு மாவு வச்சு, கொம்புல நீலப் பெயிண்ட். மீதிக்கு அதுக இடுப்பெலும்பையே வச்சு, கொம்புல சிவப்பு. சில மாசம் கழிச்சு ஊசி போட்டுக் கொன்னு, முதுகெலும்பை எடுத்து கையால வளைச்சுப் பாக்கணும். வளையலைன்னா ஒட்டிருச்சுன்னு அர்த்தம்.

"காதுல நம்பர் மாட்டிரலாமே சார்"னு கேட்டாங்க கௌசல்யா. ஆபரேஷனுக்கு வார மாட்டு டாக்டரு.

"பெயிண்டு போதும்மா. தூரத்துலயே தெரியுதுல்ல?"

தெரிஞ்சது, மாட்டுப்பொங்கல் வரைக்கும். அன்னைக்கு நான் அம்புட்டுக் கிடாயையும் குளிப்பாட்டி, கொம்பைச் சுரண்டி, பச்சையும் மஞ்சளும் அடிச்சு, பொட்டு வச்சு நிப்பாட்டுனேன். பொங்கலும் அதுவுமா பழைய பெயிண்டோடயா நிக்கும்? டாக்டரு வந்து பாத்துட்டு தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. அப்புறம் அவரே சிரிச்சாரு.

"பரவால்ல முத்துச்சாமி. முதுகே சொல்லிரும். எது கெட்டியா இருக்கோ அது நம்ம மாவு."

இம்புட்டுப் படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.

வளைச்சுப் பாக்குற நாளும் வந்துச்சு. எனக்கு மறுநாள் ஆபரேஷன், டவுன்ல டாக்டரோட சொந்த ஆஸ்பத்திரியில. "மாவு வைக்கிற முதல் மனுசன் நீதான். காலையில வெறும் வயித்தோட வரணும். பச்சத்தண்ணி கூடக் குடிக்கக் கூடாது"ன்னு சொல்லி வச்சிருந்தாரு. மாவுக்கு முதல் போட்ட ஜமால் முகமது பாயும் வந்திருந்தாரு. பேகம்பூர்ல தோல் வியாபாரம்.

கௌசல்யா ஒவ்வொரு முதுகெலும்பா எடுத்து வளைச்சாங்க. பாதி இரும்பு மாதிரி நின்னுச்சு. மீதி, அறுத்த கோழிக் கழுத்து மாதிரி தொங்குச்சு. கெட்டியானதை எல்லாம் டாக்டரு, அததோட உரிச்ச தோலோட சேத்து வலப்பக்கம் அடுக்குனாரு.

"பாத்தீங்களா பாய்? இம்புட்டும் நம்ம மாவு!"

அவரே கை தட்டுனாரு. நானும் தட்டுனேன். என் முதுகாச்சே.

பாய் தட்டல. எங்க கண்ணெல்லாம் எலும்பு மேல. அவரு கண்ணு கீழ கிடந்த கிடாய்க தோலு மேல.

"ஏன் டாக்டரே, கெட்டி முதுகுக்காரன் எல்லாத்துக்கும் இடுப்புத் தோலுல வெட்டுத் தழும்பு இருக்கே? தொங்குறவனுக்கு இடுப்பு சுத்தமா இருக்கு. இப்படித் தழும்புத் தோலு கடைக்கு வந்தா பாதி வெலைதான் குடுப்பேன். அதான் கண்ணுல பட்டுச்சு."

கௌசல்யா குனிஞ்சு ஒவ்வொரு இடுப்பா தடவிப் பாத்தாங்க. கையுறையைக் கழட்டுனாங்க.

"இடுப்பெலும்பு எடுத்த தழும்பு பாய். இதெல்லாம் சிவப்புக் கொம்பு."

"அப்ப மாவு?"

"மாவு அந்தப் பக்கம் தொங்குது."

டாக்டரு தொண்டையைச் செருமுனாரு. "ஆடு நாலு காலுல நடக்குது பாய். முதுகுல பாரம் இறங்காது. மனுசன் நிமிந்து நடக்கான். பாரம் இறங்க இறங்க மாவு கெட்டிப்படும்."

"அப்ப எதுக்கு டாக்டரே ஆட்டுக்கு வச்சீங்க?"

"சயின்ஸுன்னா அப்படித்தான் பாய்."

"சரி, ஒரு மனுசனுக்கு வச்சுக் காட்டுங்க. மேக்கொண்டு முதல் போடுறதை அப்புறம் பேசுவோம்."

மூணு பேரும் என்னையப் பாத்தாங்க. கௌசல்யா மட்டும் தலையை ஆட்டுனாங்க. "வேணாம்ணே."

நான் டாக்டருகிட்ட கேட்டேன். "சார், எனக்கு என் இடுப்பெலும்பையே எடுத்து வச்சிருங்க. சிவப்புக் கொம்பே போதும்."

"அதுக்கு லட்சக்கணக்குல ஆகும்பா. மாவுதான் ஃப்ரீ."

"ஆட்டுக்கு ரெண்டும் ஃப்ரீதானே சார்?"

"ஆடும் நீயும் ஒண்ணாப்பா?" கிடாயைத் தட்டுற மாதிரியே என் முதுகைத் தட்டுனாரு. "வலி தாங்க ஏலலைன்னு அழுதது யாரு? காலையில வெறும் வயித்தோட வந்து சேரு."

மறுநாள் காலையில சாணார்பட்டி பஸ் ஸ்டாப் கடையில டீ குடிச்சேன். ரெண்டு பன்னு தின்னேன். முதுகு வலிச்சது.