மேற்படியார்

பதினோராம் வாரம், செவ்வாய்.

குடும்ப வரலாறு தேடும் இந்த மாலை வகுப்பில் பெரியப்பா மகள் சேர்ந்து இரண்டே வாரம். நான் பத்து வாரமாகத் தேடியும் அகப்படாத எங்கள் பூட்டனை, அப்பாவின் கொள்ளுத்தாத்தாவை, இன்று அவள் அரை மணியில் பிடித்துவிட்டாள். 1871ஆம் ஆண்டுப் பதிவேடு, நாற்பதாம் பக்கம். தொழில்: வைத்தியர்.

"டேய் பென்சில், நாம டாக்டர் பரம்பரைடா! நாடி புடிச்சுப் பாக்கட்டுமா?" என்று, எப்போதும் பென்சிலும் கையுமாகத் திரியும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வயிறு எரிந்தது. வகுப்பு முடிவில் வைக்கும் கண்காட்சியில் குடும்பத்துக்கு ஒரு பலகைதான். அதில் என் பெயர் வரும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

"அக்காவப் பாத்துக் கத்துக்கோ" என்றார் அப்பா, வீட்டில் விஷயம் தெரிந்ததும்.

வியாழன்.

குறை கண்டுபிடிக்கத்தான் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். முதல் வரியில் ‘வைத்தியர்’. அதன் கீழே வரிசையாக ‘ஷ’ போல வளைந்த குறி. ‘மேற்படி’, அதாவது மேல் வரியில் உள்ளதே இங்கும், என்று போன வாரம்தான் ஆசிரியை சொல்லிக்கொடுத்தார். ஆனால் நடுவில், மை மங்கிய வரியில், ‘வண்டிக்காரர்’. பூட்டன் அதற்கும் கீழே; அப்படியானால் அவரும் வண்டிக்காரர். அக்கா ஒரே தாவாக மேலே தாவியிருக்கிறாள்!

திருத்தத்தைக் குறிக்க நோட்டைத் திறந்தேன். பக்கம் 40 ஏற்கெனவே அதில் இருந்தது. நான்காம் வாரம், என் கையெழுத்து: ‘பெயருக்குப் பக்கத்தில் ஷ. தகப்பன் பெயரின் முதலெழுத்து. பூட்டனின் தகப்பன் பெயர் மு-வில் தொடங்கும். நம் ஆள் இல்லை.’ இரண்டு அடிக்கோடு வேறு.

ரப்பரை எடுத்தேன். நான் அழுத்தி எழுதுகிறவன். அழித்தாலும் தடம் நிற்கும். கீழே வைத்தேன்.

அடுத்த செவ்வாய்.

இரண்டு தவறுகளையும் காட்டினேன்.

"அடப்பாவி! நானாவது அவரை டாக்டராக்குனேன். நீ ஆளே இல்லன்னுட்டியே!" என்றாள் அக்கா. மறுபடி சிரிப்பு. அதையும் அவளே தட்டிக்கொண்டு போனாள்.

இருவர் பெயரும் பலகையில் வரட்டும் என்றார் ஆசிரியை.

"நீயே எழுதுடா. உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு" என்றாள் அக்கா. உண்மையாகவே சொன்னாள். அது இன்னும் சுட்டது.

‘தேடியவர்கள்’ என்று தலைப்பிட்டேன். முதல் வரியில் என் பெயர். எதிரே ‘தவறாகப் படித்தவர்’. அடுத்த வரியில் அவள் பெயர்; எதிரே அந்த வளைந்த குறி மட்டும்.

அவள் வயதில் மூத்தவள்தான். ஆனாலும் மேல் வரியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.