ஏழாம் நம்பர் ஏணி

மிளகு பறிக்கிற பெரியண்ணனுக்குக் கால் ஒடிந்தது அடுத்தவன் பெண்டாட்டி கூப்பிட்டதற்குத் திரும்பியதால்தான். சிரிக்காதீர்கள், நடந்தது அதுதான்.

மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிப்பது புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்கிற வேலை. முப்பதடி சில்வர் ஓக் மரம், அதைச் சுற்றி மிளகுக்கொடி, அதன்மேல் சாத்தின ஒற்றை மூங்கில் ஏணி. கணுவில் வெட்டாமல் விட்ட மொட்டைக் கிளைதான் படி. அவன் தோளில் பையை மாட்டிக்கொண்டு ஏறுவான். அவள் ஏணி அடியை மிதித்துப் பிடித்து, மேலேயே கண்ணாக நிற்பாள். தை மாசத்துப் பனிமூட்டத்தில் பக்கத்து மரத்தில் இருப்பது ஆளா குரங்கா என்று தெரியாது. குரல்தான் துணை.

அந்தக் குரலாவது உருப்படியாக ஒரு பேரைச் சொல்லுமா? சொல்லாது. புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவதியோ சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பதினெட்டு ஏணி, பதினெட்டு பெண்டாட்டி, அத்தனை பேர் வாயிலும் "ஏனுங்க!"தான். போன வாரம் ஒருத்தி மரத்தில் பாம்பைப் பார்த்துவிட்டு "ஏனுங்க!" என்று அலறினாள். பதினெட்டு ஆம்பளைகளும் திரும்பினார்கள். பெரியண்ணன் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிட்டான்.

"நான் தொண்டை கிழியக் கத்துனாலும் திரும்பாத மனுசன், எவளோ கூப்பிட்டதுக்குத் திரும்பிக் காலை ஒடிச்சுக்கிட்டு வந்துருக்குதுங்க," என்று அவன் பெண்டாட்டி பார்வதி, மாவுக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் நல்லமுத்துவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எல்லாரையும் கூட்டி, "இனிமே கீழ நிக்கறவங்க பேர் சொல்லித்தான் கூப்பிடணும்," என்றார்.

கிருஷ்ணம்மாள் முந்திக்கொண்டாள். "ஏனுங்க ரைட்டரே, மரத்துலருந்து என்னைக்கோ உழுந்து சாகறதுக்குப் பதிலா, பேரைச் சொல்லி நாங்களே தெனம் கொஞ்சங்கொஞ்சமாக் கொல்லட்டுங்களா?"

அவள் புருசன் மாதையன். கல்யாணமாகிப் பதினாலு வருசம், இரண்டு பெண் பிள்ளைகள், அந்தப் பேர் அவள் வாயில் ஒரு தரம்கூட வந்ததில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளை இடித்துச் சொல்ல வைப்பாள். அவன் தும்மினாலே மலைச்சாமி சேர்வராயன் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிடுகிறவள், பேரையா சொல்லுவாள்?

ரைட்டர் தலையைச் சொறிந்தார். கடைசியில் ஏணிக்கெல்லாம் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதினார். பேருக்குப் பதில் நம்பரைக் கூப்பிடணும். மாதையன் ஏணி ஏழு. அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போதே அவள், "ஏழாம் நம்பருக்கு இன்னும் கொஞ்சம் ரசமுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள்.

நாலு நாள் நன்றாகத்தான் ஓடியது. அஞ்சாம் நாள் காலையில், கரடியூரிலிருந்து வேலைக்கு வருகிற ஐயாக்கண்ணுவுக்கு நெட்டை மரமாக அமைந்துபோயிற்று. மாதையனுக்கு இளகின மனசு. "என் ஏணி நீளம், நீ எடுத்துக்க," என்று ஏழாம் நம்பரைக் கொடுத்துவிட்டு அவனுடைய பழைய பதினொன்றை எடுத்துக்கொண்டான். உதவி செய்தவன் ஏணியைத் தட்டிப் பார்த்து எடுத்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை.

எட்டு மணி இருக்கும். மூட்டம் இன்னும் கலையவில்லை. மாதையன் இருபதடி உயரத்தில் கொடிக்குள் தலையை விட்டிருந்தான். பை நிறைந்து கனத்தது. சடக்கென்று ஒரு சத்தம். கிருஷ்ணம்மாள் அண்ணாந்து பார்த்தாள். அவன் காலுக்கு இரண்டு படி கீழே மூங்கில் நீளவாக்கில் பிளந்து வாயைத் திறந்திருந்தது. நின்ற இடத்திலேயே மரத்தைப் பிடித்து நின்றால் தாங்கும். இரண்டு படி இறங்கினால் ஏணி இரண்டாகப் போகும், ஆளும் போவான். அவனோ பை நிறைந்துவிட்டதென்று வலது காலைக் கீழே இறக்குகிறான்.

"ஏனுங்க" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். சொன்னால் பதினேழு பேர் திரும்புவார்கள். பார்வதி வீட்டு மாவுக்கட்டு கண்ணில் வந்து நின்றது. ஏணி மாறினது அந்த அவசரத்தில் மறந்தே போயிற்று.

"ஏழு! ஏழாம் நம்பர்! எறங்காதீங்க!"

பக்கத்து மரத்தில் ஐயாக்கண்ணு அப்படியே உறைந்து, "நானுங்களா? நான் என்ன பண்ணுனேன்?" என்றான். மாதையனோ, ஏழு நம்மிடம் இல்லையே என்று இடது காலையும் எடுத்துவிட்டான். ஒரு படி போயிற்று. இன்னும் ஒன்றுதான்.

"மாதையா!"

மலையே கேட்டது. "டேய் மாதையா! நில்லு! மரத்தைக் கட்டிப் புடி!"

'ங்க'வும் போச்சு, மரியாதையும் போச்சு. அவனை அப்படிக் கூப்பிட்டவள் அவனைப் பெற்றவள் ஒருத்திதான், அவளும் போய்ச் சேர்ந்து ஒன்பது வருசம். கேட்ட மாத்திரத்தில் அவன் கை தானாக மரத்தைக் கட்டியது. பாரம் விலகின நொடியில் ஏணி இரண்டாக விண்டு காபிச்செடிமேல் விழுந்தது. அவன் கொடியோடு கொடியாகத் தொங்கினான். ஐயாக்கண்ணு சரசரவென்று இறங்கி, ஏழாம் நம்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சாத்தினான்.

மாதையன் தரையில் கால் வைத்தபோது கிருஷ்ணம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அதான் வந்துட்டேனே, ஏம் புள்ள அழுவற?"

"சொல்லிட்டனுங்களே! ரெண்டு தரம் சொல்லிட்டனுங்களே! உங்க ஆயுசு..."

அவன் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "தரத்துக்கு ரெண்டு வருசம்னே வெச்சுக்க. நாலு வருசம் போச்சு. நீ சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் மொத்தமும் போயிருக்கும். மிச்சமெல்லாம் நீ குடுத்தது, புள்ள."

"டேய்னு வேற சொன்னீங்க அக்கா," என்றான் ஐயாக்கண்ணு. அவனை அடிக்க அவள் குச்சி தேடினாள்.

ரைட்டர் அன்றைக்கே பழைய ஏணிகளை எல்லாம் அடுப்புக்கு அனுப்பினார். மறுநாள் கூட்டத்தில் புதுச் சட்டம் போட்டார்: காலையில் ஏணியை ஆணும் பெண்ணுமாகத் தட்டிப் பார்க்கணும், கீழே இருக்கிறவள் ஏணியைப் பார்த்துவிட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் மேலே இருக்கிறவன் ஒரு படிகூட இறங்கக்கூடாது. இந்தத் தடவை எல்லாரும் கிருஷ்ணம்மாளைத்தான் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

கூட்டம் முடிந்து மாதையன் புது ஏணியில் ஏறினான். பை நிறைந்தது. அவள் மூங்கிலை அடியிலிருந்து நுனிவரை கண்ணால் தடவிவிட்டு, "ஏனுங்க, எறங்குங்க," என்றாள்.

மேலே அசைவில்லை.

"உங்களைத்தானுங்க."

"ரைட்டர் சட்டம் என்ன?" என்றது மூட்டத்துக்குள்ளிருந்து குரல்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சேர்வராயன் திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற பதத்தில் மெல்ல, "மாதையா," என்றாள்.

"கேக்கல."

"மாதையா!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"டேய் மாதையா, எறங்குடா!" என்று கத்தினாள். சுத்தியிருந்த மரமெல்லாம் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு படியையும் காலால் அழுத்திப் பார்த்துப் பார்த்து இறங்கி வந்தான். அவன் தரையைத் தொடுகிறவரை அவள் ஏணியை விடவில்லை.