கல்லை எடுத்தது யார்?

மழை வரும் என்று யார் கண்டது? தை மாதம், சுள்ளென்று வெயில். கொட்டச்சேட்டில் எங்கள் எஸ்டேட் களம் முழுக்கக் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று சடசடவெனப் பிடித்துக்கொண்டது மழை.

"தார்ப்பாயை இழுங்க! கல்லு கொண்டாங்க, கல்லு!" என்று எங்களை மேய்க்கும் எஸ்டேட் ரைட்டர் பெரியநாயகம் தொண்டை கிழியக் கத்தினார். காற்றில் தார்ப்பாய் பறந்தது. கையில் அகப்பட்ட கல்லையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினோம். கொட்டை நனைந்தால் எங்கள் பாடு அவ்வளவுதான்.

கடைசி மூலைக்குப் பாரம் வைத்துவிட்டு நிமிர்கிறேன், மேட்டில் நின்ற ஜீப் நகர்கிறது! உள்ளே வேலம்மாள் அக்கா! நான் போட்ட அலறல் பக்கத்து ஊர் தலைச்சோலை வரைக்கும் கேட்டிருக்கும். ஜீப் நேராக எங்கள் மேலேயே வந்தது. ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். டிரைவர் ஜாபெஸ் மட்டும் எதிரே ஓடி, தொற்றி ஏறி, ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்த ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்காது, கியரும் நழுவும். ஜாபெஸ் சக்கரத்துக்குக் கல் கொடுத்துத்தான் நிறுத்துவான். எஸ்டேட்டுக்கே தெரிந்த விஷயம்.

"ஏண்டா, கல்லு வெக்காம எறங்குனியா? நாளையிலிருந்து வேலைக்கு வராத!" என்று ரைட்டர் குதித்தார்.

"சத்தியமா வெச்சனுங்க." ஜாபெஸ் தலையில் அடித்துச் சொன்னான். அவன் மனைவி ஜோஸ்லினுக்கு இது நிறைமாதம்.

"அப்பறம்? றெக்கை மொளச்சுப் பறந்துருச்சா?"

வேலம்மாள் அக்கா மெதுவாக முன்னால் வந்தாள். "நாந்தானுங்க எடுத்தேன். நீங்க கல்லு கல்லுன்னு கத்துனீங்க. சக்கரத்துக்கிட்டக் கெடச்சதப் பக்கத்துல ஓடுன புள்ளகிட்டக் குடுத்துட்டு, மழைக்கு வண்டிக்குள்ள ஏறி உக்காந்துட்டனுங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள இப்படியும் ஒருத்தியா!

"அப்ப உனக்குத்தான் வேலை இல்ல" என்று ரைட்டரின் விரல் அக்கா பக்கம் திரும்பியது.

"அக்காளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான் ஜாபெஸ். "பிரேக் இல்லைன்னு தெரிஞ்சே வண்டிய ஓட்டுனது என்னோட தப்புத்தானுங்க. ஆனா உங்ககிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன்?"

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நானே பாத்தேன்."

அதற்கு மேல் என் வாய் சும்மா இருக்குமா? "ஜாபெஸு, வண்டியக் கொண்டுபோய் மேட்டுல நிறுத்து. ஏனுங்க ரைட்டர், நீங்க ஏறி உக்காருங்க. கல்லை நான் எடுக்கறேன்."

"புவனா, வாயை அடக்கு."

"நல்ல பிரேக்குதானுங்களே? என்ன பயம்?"

ஜாபெஸ் வண்டியை நிறுத்திக் கல்லும் வைத்தான். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். களத்தில் அத்தனை பேரும் வேலையை விட்டுப் பார்த்தோம். ரைட்டர் கதவு வரைக்கும் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஏறவில்லை.

வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "மெக்கானிக்குக்குப் போன் போடு ஜாபெஸு. பிரேக் சரியானதும் நீயே வண்டிய எடு. வேலம்மாளும் நாளைக்கு வேலைக்கு வரட்டும்."