மறுப்பு வராவிட்டால் சம்மதம்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. ஆயுத ஏற்றுமதி ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு மொழிபெயர்க்கப் போன தோழி சொன்னாள்: "ஒத்துவராத வரிய அடைப்புக்குறியில போட்டுட்டு வருஷக்கணக்கா சண்டை போடுவாங்கடி." போதாதா? உட்கார்ந்துவிட்டேன்.

'துப்பாக்கிகள் முழங்கிய அந்த அதிகாலையில்...' சே, வேண்டாம். இங்கே ஒரு தோட்டாவும் வெடிக்காது. ஏசி மட்டும் உறுமும்.

2

நாயகி, ஆயுத ஏற்றுமதிக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரி. (கண்ணாடி மாட்டலாமா? மாட்டினால் சிடுமூஞ்சி என்பீர்கள். விட்டுவிடுகிறேன்.) அவள் போராடுவது ஒரே வரிக்கு: [வாங்கிய நாடு ஆயுதத்தை வேறு கைக்கு மாற்றினால் உரிமம் ரத்து.]

பேச்சுவார்த்தையின் அவைத்தலைவர் அந்த வரியை எடுத்துவிட்டு ஒப்பந்த வரைவை எல்லா நாடுகளுக்கும் சுற்றுக்கு விட்டார். நாளை நண்பகலுக்குள் யாரும் எழுதி மறுக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம். அது அந்த அவையின் வழக்கம்.

"நாம ஏம்மா கெட்ட பேர் வாங்கணும்? வேற யாராவது எழுதுவாங்க," என்றார் அவள் நாட்டுத் தூதர். மறுப்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

அவள் நடைகூடத்தில் ஒவ்வொரு நாட்டுக் குழுவாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் அந்த வரியின் பக்கம்தான். எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "நீங்க எழுதுவீங்கன்னுல்ல இருந்தோம்!" அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3

இரவு தம்பி கூப்பிட்டான். துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை.

"அக்கா, எங்ககிட்ட வாங்குறவன் அடுத்தவனுக்குத் தள்ளிவிடுறவன்தான். அந்த வரி வந்தா ஆர்டர் போச்சு, என் வேலையும் போச்சு. பாப்பாவ இப்பதான் ஸ்கூல்ல சேத்திருக்கேன்."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

அவள் பேனாவை மூடி வைத்து... (இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம். வாக்கியத்தை முடிக்க அவள் விடவில்லை.)

"உனக்கு வேற வேலைக்கு நான் அலையறேன். ஆனா நீ செஞ்ச துப்பாக்கி யாரு கையில இருக்குன்னு கேக்காம என்னால இருக்க முடியாதுடா."

தம்பி போனை வைத்துவிட்டான். அவள் அழுதாள். அழுதுகொண்டே மறுப்புக் கடிதத்தை எழுதி முடித்தாள்.

4

நண்பகல் நெருங்குகிறது. கடிதம் தூதரின் மேசையில்.

"கையெழுத்துப் போடுங்க சார். இல்ல, போடமாட்டேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க."

முடிவு ஒன்று: போடுகிறார், தம்பி அக்காவோடு பேசுவதை விடுகிறான். முடிவு இரண்டு: போடவில்லை, யாரோ முகம் தெரியாதவர்கள் சாகிறார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை.

நீங்கள் சொல்லுங்கள், போடலாமா? அந்தப் பாப்பாவையும் நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். வாய் திறக்காமல் பக்கத்தைத் திருப்பினால், உங்களுக்கும் சம்மதம் என்றே எழுதிக்கொள்வேன்.